புலவர் பட்டமும் இரண்டு ஊதிய உயர்வும்

எங்கள் குழுவினர் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் இடத்துக்குத் தவறாமல் வரும் முதியவர் ஒருவர் உண்டு. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். சங்கப் பாடல் எதைக் கேட்டாலும் திணை துறையோடு சொல்லக்கூடியவர். சென்ற கூட்டத்துக்கு, வழக்கமாகக் கையில் இருக்கும் புறநானூற்றுப் பிரதிக்குப் பதில், நாடா கட்டிய பழுப்பு நிறக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். “இதுவும் ஒரு தொகைநூல்தான், உரையாசிரியர்தான் கிடைக்கவில்லை” என்று சொல்லி எங்கள் முன் வைத்தார். உள்ளே அரசாணை நகல்கள், தணிக்கைக் குறிப்புகள், பிடித்தம் செய்யும் ஆணை, மனு, எதிர் மனு, தீர்ப்பு. எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றியவை: அவர் பெற்ற பட்டம் எதற்கு இணையானது?

அக்கோப்பைப் படித்த பிறகு, இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேடத் தோன்றியது. தேடியதில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறோம். இலக்கிய இதழ் படிப்பவர்களுக்கு ஊதிய உயர்வு வழக்குகளில் என்ன ஆர்வம் இருக்க முடியும் என்று நினைக்க வேண்டாம். தமிழ் படித்தவனின் மதிப்பு என்ன என்னும் கேள்வி, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக ரூபாய் அணா பைசாவில்தான் விடை தேடிக்கொண்டிருக்கிறது.

1880இல் உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவரிடம் எந்தப் பட்டமும் இல்லை. இருந்தது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்ற பெயரும், அப்பதவியிலிருந்து ஓய்வு பெற்ற தியாகராச செட்டியாரின் பரிந்துரையும். மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். இன்ன ஆசிரியரிடம் இத்தனை ஆண்டு பாடம் கேட்டான் என்பதே அன்று சான்றிதழ். அந்தச் சான்றிதழைப் படிக்கத் தெரிந்தவர்கள் கல்லூரிகளிலும் மடங்களிலும் இன்னும் இருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி அப்போது 23 ஆண்டுகளே ஆகியிருந்தன. ஐயருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது 1932இல். அவர் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றது 1919இல். இன்றைய விதிகளின்படி பார்த்தால், பணிக்காலத்தில் பெறாத பட்டம். ஊக்க ஊதியத்துக்குத் தகுதியில்லை.

பாரதியின் கதை இன்னும் சிறியது. 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் சில மாதங்கள் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தார். சம்பளம் பதினேழரை ரூபாய். இதைச் சொல்லி வருந்துவது நம் மேடைகளில் ஒரு சடங்காகிவிட்டது. நாங்கள் வருந்த வரவில்லை. அந்தத் தொகை பாரதிக்கென்று தனியே குறைத்துக் கொடுக்கப்பட்டதன்று. ஒரு தமிழ்ப் பண்டிதருக்கு, அதிலும் தற்காலிகமானவருக்கு, அக்காலத்தில் இருந்த இடம் அவ்வளவுதான் என்பதைக் கவனிக்கவே சொல்கிறோம்.

பட்டம் இல்லாததுதான் குறை என்றால் பட்டத்தை உண்டாக்கிவிடலாம் அல்லவா? பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் அதைச் செய்தது. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று படிப்படியாகத் தேர்வுகள். ந.மு. வேங்கடசாமி நாட்டார், ஆறாண்டுகளில் முடிக்க வேண்டிய அத்தேர்வுகளை மூன்றே ஆண்டுகளில், 1907க்குள், எழுதித் தேறினார் என்பது தமிழாசிரியர்களிடையே இன்றும் பெருமையாகச் சொல்லப்படும் செய்தி. பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் கீழ்த்திசை மொழிகளுக்கென்று தனிப் பட்டயங்களை வகுத்தது. வடமொழிக்குச் சிரோமணி, அரபிக்கு அப்சலுல் உலமா, தமிழுக்கு வித்துவான். காவிரிக் கரையில் திருவையாற்று அரசர் கல்லூரி, முதலில் வடமொழிக்கு மட்டுமே இடமாக இருந்தது, உமாமகேசுவரனார், ஏ.டி. பன்னீர்செல்வம் போன்றோரின் முயற்சியால் தமிழுக்கும் திறந்தது. சிதம்பரத்தில் 1920இல் மீனாட்சி கல்லூரி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தஞ்சையில் 1938இல் கரந்தைப் புலவர் கல்லூரி. வித்துவான் என்ற வடசொல் நாளடைவில் புலவர் ஆயிற்று.

ஆனால் இவை எல்லாம் ஒரு தனிச் சாலையில் நடந்தன. பி.ஏ., எம்.ஏ. என்ற பெருஞ்சாலை வேறு. அதில் ஆங்கிலம் கட்டாயம். வித்துவான் என்பது பட்டமும் அன்று, பட்டயம். நான்கைந்து ஆண்டுகள் இலக்கணமும் இலக்கியமும் ஊறிப் படித்து வெளியே வந்தவர், பள்ளியில் பி.ஏ., எல்.டி. படித்த கணக்காசிரியருக்குக் கீழே வைக்கப்பட்டார். ஓவிய ஆசிரியர், தையல் ஆசிரியை, உடற்பயிற்சி ஆசிரியர் ஆகியோருடன் ஒரே பட்டியலில் அவர் பெயர் இருந்தது. (ஓவியமும் தையலும் தாழ்ந்தவை என்பது எங்கள் கருத்தன்று. அப்பட்டியலைப் போட்டவர்களின் கருத்து அது.) தலைமையாசிரியர் நாற்காலி நெடுங்காலம் அவருக்கு எட்டாததாகவே இருந்தது.

இரு சாலைகளுக்கும் இடையே பாலம்போல வந்தவை பி.ஓ.எல்., எம்.ஓ.எல். என்ற கீழ்த்திசைப் பட்டங்கள். மு. வரதராசனார் இந்தப் பாலத்தின் வழியே நடந்தவர். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, தாமே படித்து, 1935இல் வித்துவான் தேர்வில் முதலாவதாகத் தேறித் திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசைப் பெற்றார். திருப்பத்தூர்ப் பள்ளியில் தமிழாசிரியர். 1939இல் பி.ஓ.எல். ஆனதும் பச்சையப்பன் கல்லூரி விரிவுரையாளர். 1944இல் எம்.ஓ.எல்., 1948இல் டாக்டர் பட்டம், 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவர் வாழ்க்கைக் குறிப்பை வாசிக்கும்போது ஒன்று புலப்படும். அவர் அறிந்த தமிழ் 1935க்கும் 1939க்கும் இடையே ஒரேயடியாகப் பெருகிவிடவில்லை. பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் மாறின, கதவுகள் திறந்தன.

தேவநேயப் பாவாணருக்கு அது அவ்வளவு எளிதாக வாய்க்கவில்லை. 1924இல் மதுரைச் சங்கப் பண்டிதத் தேர்வு, பின் நெல்லைத் தென்னிந்தியத் தமிழ்ச் சங்கத்தின் புலவர் தேர்வு, சென்னைப் பல்கலைக்கழக வித்துவான், பி.ஓ.எல். எம்.ஓ.எல். பட்டத்துக்கு அவர் அளித்த ஆய்வு ஏற்கப்படவில்லை. 1952இல், ஐம்பது வயதில், மாணவர்களோடு மாணவராக எம்.ஏ. தேர்வு எழுதினார். அப்போது அவர் சேலம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அவரது ஆய்வு முடிவுகளில் பலவற்றை நாங்கள் ஏற்பவர்கள் அல்லர். எனினும் அந்தத் தேர்வுக் கூடத்தை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

*

அறிவுக்கும் பட்டத்துக்கும் இருந்த சிக்கல் இதுவரை பதவியைப் பற்றியதாக இருந்தது. அதை நேராகச் சம்பளப் பட்டியலுக்குள் கொண்டுவந்து வைத்தது ஊக்க ஊதிய உயர்வு என்னும் ஏற்பாடு. பணியிலிருக்கும் ஆசிரியர் மேலும் படித்தால் மாணவருக்கு நன்மை; ஆகவே படிப்பவரை ஊக்குவிக்க அவருக்கு ஆண்டு ஊதிய உயர்வை முன்கூட்டியே அளிக்கலாம் என்பது அதன் தத்துவம். தமிழக அரசின் கல்வித்துறை ஆணை எண் 42, நாள் 10.1.1969, இதன் மூல ஆணைகளுள் ஒன்று. பின்னர் வந்த ஆணைகள் அதை விரித்தன, திருத்தின, விளக்கின. விளக்கத்துக்கும் விளக்கம் எழுதின. சூத்திரம், விருத்தி, சூறாவளி என்று இலக்கண நூல்களுக்கு நடந்ததெல்லாம் இதற்கும் நடந்தது.

இது எவ்வளவு பணம்? ஆண்டு உயர்வு அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 3 என்று கொண்டால் இரண்டு உயர்வு ஏறக்குறைய நூற்றுக்கு 6. இருபதாயிரம் அடிப்படைச் சம்பளம் உள்ளவருக்கு மாதம் 1,200 ரூபாய். அகவிலைப்படி அதன்மேல். அடுத்த ஆண்டின் உயர்வு இந்தக் கூடுதலையும் சேர்த்தே கணக்கிடப்படும். அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. கடைசியில் ஓய்வூதியமும் பணிக்கொடையும் கடைசிச் சம்பளத்தைத் தழுவியவை. ஆக, நாற்பது வயதில் அஞ்சல்வழியில் எழுதிய ஒரு தேர்வு எண்பது வயதுவரை மாதந்தோறும் ஏதோ கொடுத்துக்கொண்டிருக்கும். வழக்குகள் ஏன் இத்தனை பிடிவாதமாக நடந்தன என்பது இந்தக் கணக்கைப் போட்டால் விளங்கும்.

நீதிமன்றங்கள் என்ன செய்தன? இங்கே தமிழகத்தை விட்டுச் சற்று வெளியே போக வேண்டியிருக்கிறது. அடிப்படை நெறிகள் வகுக்கப்பட்டவை பிற மாநிலத்து வழக்குகளில்.

1956 மாநிலச் சீரமைப்பில் ஐதராபாத்திலிருந்து மைசூருக்கு வந்து சேர்ந்த வரைபடப் படியெடுப்பாளர்களின் வழக்கு முதலாவது. பழைய மாநிலத்தில் எல்லோரும் ஒரே நிலை. புதிய மாநிலமோ மெட்ரிக் தேறியவருக்கு 50-120, தேறாதவருக்கு 40-80 என்று பிரித்தது. இருவரும் வரைந்தது ஒரே மேசையில், ஒரே தாளில். 1967இல் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, கல்வித் தகுதியை அடிப்படையாகக் கொண்டு சம்பளத்தைப் பிரிப்பது சமத்துவத்துக்கு முரணாகாது என்று முடிவு செய்தது. அதாவது, ஒரே வேலைக்கும் படிப்பைப் பொறுத்து இரு விலை இருக்கலாம்.

இரண்டாவதும் அதே சீரமைப்பின் பிள்ளைதான். ஆந்திரத்தில் இணைக்கப்பட்ட ஐதராபாத் பொறியியல் பணியாளர் வழக்கில் 1974இல் நீதியரசர் பகவதி எழுதிய தீர்ப்பு, இன்றும் எல்லா இணைத்தன்மை வழக்குகளிலும் முதல் மேற்கோளாக வருவது. ஒரு தகுதி மற்றொன்றுக்கு இணையா என்பது துறையறிவு சார்ந்த கேள்வி. வல்லுநர் கருத்தைக் கொண்டு அரசு முடிவெடுத்தால், அம்முடிவு புறக் காரணங்களால் கறைபடாதவரை நீதிமன்றம் அதில் தலையிடாது என்பது அதன் சாரம். அதே தீர்ப்பில், கல்வியைக் காட்டி ஊழியர்களை மேன்மேலும் வகுத்துக்கொண்டே போனால் சமத்துவம் என்பதே கரைந்துவிடும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. முதற்பகுதியை எல்லா எதிர் மனுக்களும் எடுத்தாள்கின்றன. இரண்டாம் பகுதியை அவற்றில் காண்பது அரிது.

மூன்றாவது பஞ்சாபினுடையது, எங்கள் முதியவரின் கதைக்கு மிக நெருங்கியது. 23.7.1957இல் பஞ்சாப் அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது: ஆசிரியரின் சம்பளத்தைத் தீர்மானிப்பது அவர் வகிக்கும் பதவியன்று, அவர் பெற்ற தகுதி. தொடக்கப்பள்ளி ஆசிரியர் பி.ஏ., பி.டி. ஆனால் அந்நாள்முதல் பட்டதாரி ஆசிரியர் நிலை. கிராமத்துப் பள்ளிகளில் ஆசிரியர்கள் விளக்கு வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்கள். அம்மாநிலத்திலும் கியானி, பிரபாகர், சாஸ்திரி என்று மொழிப் புலமைத் தேர்வுகள் உண்டு. கியானி தேறி, பிறகு ஆங்கிலம் மட்டும் எழுதிப் பி.ஏ. ஆவதை ‘பட்டிண்டா வழிப் பி.ஏ.’ என்று கேலி செய்வார்களாம். சுற்றிச் செல்லும் இரயில் பாதையைக் குறித்த பகடி. நம்மூரில் வித்துவான்களைப் பற்றிய பகடிகளை வாசகர்களே நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

செலவு ஏறியதும் அரசுகள் பின்வாங்கப் பார்த்தன. ஹரியாணா தனி மாநிலமாகி, கோத்தாரிக் குழுவை ஒட்டிய புதிய சம்பள விகிதம் 1.12.1967 முதல் வந்துவிட்டதால் பழைய சுற்றறிக்கை மறைந்துவிட்டது என்றது. கூடுதல் தகுதி மட்டும் கூடுதல் சம்பளம் தராது என்று 5.9.1979இல் ஓர் ஆணையும் பிறப்பித்தது. 1987இல் உச்சநீதிமன்றத்தில் நீதியரசர் சின்னப்ப ரெட்டி இதை ஏற்கவில்லை. 1957இன் கொள்கை எப்போதும் கைவிடப்படவில்லை. 1979 ஆணைக்கு முன் தகுதி பெற்றவர்களுக்கு, பெற்ற நாளிலிருந்து உயர்நிலைச் சம்பளம் உண்டு என்றார். சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை 1982இல் தில்லிக் காவல்துறை ஓட்டுநர் ஒருவரின் வழக்கில் உயிர்ப்பித்தவரும் இவர்தான். சுற்றறிக்கையை நம்பிப் படித்தவனின் பக்கமிருந்து பார்க்கத் தெரிந்த நீதிபதி என்பது எங்கள் கணிப்பு.

தமிழகத்தில் வந்த வழக்குகள் இவற்றின் கிளைகள். பி.லிட். என்பது பி.ஏ. தமிழுக்கு இணையா? கற்பிக்கும் பாடம் ஒன்று, முதுகலை வேறு பாடம் என்றால் ஊக்க ஊதியம் உண்டா? மூன்றாண்டுப் பட்டம் பெற்றவர் பிறகு ஓராண்டில் பெறும் இரண்டாம் பட்டம் முழுப் பட்டமா? கடைசிக் கேள்வியில், பதவி உயர்வைப் பொறுத்தவரை, சென்னை உயர்நீதிமன்றம் அதை மூன்றாண்டுப் பட்டத்தோடு ஒன்றாக வைக்க மறுத்தது.

பெரிய அதிர்வு 2009இல் வந்தது. இளங்கலை படிக்காமலே நேராகத் திறந்தநிலை வழியில் முதுகலை பெறலாம் என்ற முறை சில காலம் நடைமுறையில் இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு விதிமுறைகளை மீறிய அத்தகைய பட்டம் செல்லாது என்று உச்சநீதிமன்றம் அவ்வாண்டு தீர்ப்பளித்தது. அவ்வாண்டே ஆகஸ்ட் 18இல் தமிழக அரசின் ஆணை எண் 107 வந்தது. பத்தாம் வகுப்பு, மேல்நிலை வகுப்பு, பட்டம் என்ற வரிசையில் படிக்காதவரின் திறந்தநிலைப் பட்டத்தை அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்பதில்லை என்பது அதன் பொருள். பட்டத்தின் மதிப்பு இனி பட்டத்தில் இல்லை, அதற்கு முன் ஏறிய படிகளில் இருந்தது. நியாயமான கவலைதான், தபாலில் விற்கப்பட்ட பட்டங்களை நாங்களும் அறிவோம். ஆனால் வறுமையால் இடையில் பள்ளியை விட்டு, பிற்பாடு படித்து மேலே வந்தவர்களும் அதே வலையில் விழுந்தார்கள்.

இனி முதியவரின் கோப்புக்கு வருவோம். பதினோராம் வகுப்புப் பள்ளியிறுதி, காவிரிக் கரையில் நான்காண்டுப் புலவர் படிப்பு, தமிழாசிரியர் பயிற்சி, தனித்தேர்வராகப் பி.லிட்., அஞ்சல்வழியில் எம்.ஏ. 1980களில் அவருக்கு ஊக்க ஊதியம் வழங்கப்பட்டது. எவரும் ஒன்றும் கேட்கவில்லை. இருபதாண்டுக்குப் பின், ஓய்வு பெறும் வேளையில், தணிக்கையில் ஒருவர் கேட்டார்: முறையான மூன்றாண்டுப் பட்டம் எங்கே? அடித்தளமில்லாத எம்.ஏ.வுக்கு எப்படி உயர்வு கொடுத்தீர்கள்? பணிக்கொடையில் ஒரு பெருந்தொகை பிடிக்கப்பட்டது. மகளின் திருமணத்துக்கென்று அவர் எண்ணியிருந்த பணம்.

இத்தகைய பிடித்தங்களைப் பற்றியும் உச்சநீதிமன்றம் பேசியிருக்கிறது. 1994இல் ஹரியாணாக் கல்லூரி நூலகர் ஒருவருக்கு, வேண்டிய தகுதி இல்லாமலே, முதல்வர் விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு உயர்நிலைச் சம்பளம் கொடுத்துவிட்டார். நூலகர் பொய் சொல்லிப் பெறவில்லை; ஆகவே கொடுத்ததைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்றது நீதிமன்றம். 2014 டிசம்பரில் மற்றொரு பஞ்சாப் வழக்கில் இது விதியாகவே தொகுக்கப்பட்டது. ஓய்வு பெற்றவரிடமும், ஓராண்டில் ஓய்வு பெறவிருப்பவரிடமும், ஐந்தாண்டுக்கு மேலாகக் கூடுதல் பெற்றுவந்தவரிடமும், கீழ்நிலை ஊழியரிடமும் பிடித்தம் ஆகாது. இவ்விதியின் நிழலில்தான் முதியவருக்கும் 2015இல் தீர்ப்பு வந்தது. பிடித்த பணத்தைத் திருப்பித் தருக என்றது. வட்டி இல்லை.

தீர்ப்பின் கடைசிப் பத்தியை அவர் எங்களிடம் காட்டினார். மனுதாரரின் பட்டம் இணையானதா என்னும் கேள்விக்குள் இந்நீதிமன்றம் செல்லவில்லை என்று அதில் இருந்தது. “பணம் வந்துவிட்டது. அதைத்தானே கேட்டீர்கள் என்பார்கள். நான் கேட்டது அதையல்ல” என்றார். 1974இன் நெறிப்படி அந்நீதிமன்றம் வேறெப்படியும் எழுதியிருக்க முடியாது என்று எங்களில் சட்டம் பயின்ற நண்பர் சொல்லிப் பார்த்தார். ஐயா கேட்டுக்கொண்டிருந்தாரே தவிர, ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஏற்பாடே பிறகு மூடப்பட்டுவிட்டது. 10.3.2020இல் பணியாளர் துறையின் ஆணை எண் 37 உயர்கல்விக்கான முன்கூட்டிய ஊதிய உயர்வுகளை நிறுத்தியது. 2021 நவம்பரில் அதற்கு மாற்றாக ஒருமுறை மட்டும் வழங்கும் தொகை வந்தது. முனைவர் பட்டத்துக்கு 25,000, முதுகலைக்கு 20,000, பட்டம் அல்லது பட்டயத்துக்கு 10,000. மேலே சொன்ன 1,200 ரூபாய்க் கணக்கில் வைத்துப் பார்த்தால், முதுகலைக்கான தொகை பதினேழு மாதத்துக்குக்கூட வராது. 2020 மார்ச்சுக்கு முன் பட்டம் பெற்றும் ஆணை பெறாதவர்களின் வழக்குகள் வேறு தொடர்ந்தன.

கோப்பைத் திருப்பிக் கொடுக்குமுன் ஒன்றைக் கவனித்தோம். பிடித்தம் செய்யும் ஆணையின் நகலில் ஆங்காங்கே சிவப்பு மை. ‘ஊக்க ஊதிய பிடித்தம்’ என்ற இடத்தில் விடுபட்ட ‘ப்’ சேர்க்கப்பட்டிருந்தது. ‘தகுதியற்றவர் என முடிவு செய்யபடுகிறது’ என்பதில் ‘செய்யப்படுகிறது’. மொத்தம் பதினோரு திருத்தங்கள். ஓரத்தில் வட்டமிட்டு மதிப்பெண்கூடப் போட்டிருந்தார். வழக்கறிஞர் அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய முடியாது என்று கடிந்துகொண்டு, அலுவலகத்துக்கு விண்ணப்பித்து வேறொரு நகல் வாங்கிவரச் சொன்னாராம். அதற்கு இரண்டு மாதம் ஆயிற்று.